தெற்கு வாசலில் ஒட்டிய காகிதம்

பிப்ரவரி 7, புதன்

கட்டடத்துக்குப் போனேன். தண்ணீர் மோட்டார் மறுபடி படுத்துவிட்டது. மூன்று குடித்தனம் வைத்திருக்கிறவனைச் சொத்துக்காரன் என்கிறது கரூர். மோட்டார் மெக்கானிக்கைக் கேட்டால் தெரியும், நான்தான் அவனுடைய சொத்து.

கீழ் வீட்டில் குடியிருக்கும் மாடசாமி, கொசுவலைக் கம்பெனி சூப்பர்வைசர், வழிமறித்தார். "சார், சந்துப் பக்கம் பழைய கதவுல என்னமோ காயிதம் ஒட்டிட்டுப் போயிருக்காங்க. ரெண்டு நாளாச்சு."

பழைய கதவு என்றால் தெற்கு வாசல். பத்து வருஷம் முன்னால் ஒரு வாஸ்துக்காரன் வந்தான். உள்ளங்கையில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு கட்டடத்தை மூன்று சுற்றுச் சுற்றினான். "தெக்கு யமன் திசைங்க. இந்த வாசல் இருக்கிற வரைக்கும் சொத்து உங்க கையில நிக்காதுங்க" என்றான். ஏழாயிரம் வாங்கிக்கொண்டான். பஸ் சீட்டுக்கு ரெக்சின் தைத்துச் சம்பாதித்த ஏழாயிரம். நான் பத்தாவது, அதுவும் இரண்டாம் தடவையில்தான் பாஸ். அவனும் அப்படித்தான் இருப்பான். ஆனால் அவன் கையில் திசைகாட்டி இருந்தது. தெற்கு வாசலை உள்ளே செங்கல் வைத்து அடைத்து, கிழக்கே ரங்கசாமி வீதிப் பக்கம் புது வாசல் திறந்தேன். வெளியே பழைய கதவை மட்டும் விட்டுவிட்டேன், எடுக்கத் தனிக் கூலி கேட்டார் கொத்தனார். திறந்தால் சுவர்.

போய்ப் பார்த்தேன். மழையிலும் வெயிலிலும் பாதி போய்விட்டது. கீழே வட்ட முத்திரை ஒன்று இருந்தது. இந்தக் காலத்தில் மூல வைத்தியன்கூட வட்ட முத்திரை போடுகிறான். சுரண்டிப் போட்டேன்.

மோட்டாருக்கு 850.

பிப்ரவரி 11, ஞாயிறு

இன்சூரன்ஸ் பாலு பாலிசியைப் புதுப்பிக்க வந்தார். கட்டடத்துக்கு நெருப்பு, வெள்ளம், இடி, பூகம்பம், கலவரம் எல்லாம் உண்டாம்.

"ஏரோப்ளேன் மேல விழுந்தாக்கூடப் பணம் வருமுங்க."

"கரூர்ல ஏரோப்ளேனைப் பக்கத்துல பார்க்கணும்னாலே திருச்சிக்குப் போகணுங்க. விழறதுக்கு இங்க ஏன் வருது?"

"உங்க நேரம் எப்படியோ, யாரு கண்டா?"

விண்ணப்பத்தில் முகவரி எழுதும்போது பேனா நின்றது. பத்திரத்தில் பிள்ளையார் சந்து என்று இருக்கிறது. வாசலை மாற்றிய பிறகு பாலிசியில் ரங்கசாமி வீதி. வீட்டு வரி ரசீதில் பழைய வார்டு, பழைய நம்பர். ஒரே கட்டடத்துக்கு மூன்று முகவரி. மூன்று கட்டடம் இருப்பதுபோல ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது.

"கட்டடம் ஒண்ணுதானுங்களே, விடுங்க" என்றார் பாலு. செக்கை மட்டும் ஒரே முகவரிக்கு வாங்கிப் போனார்.

மே 2, வியாழன்

இன்றோடு பன்னிரண்டு வருஷம். மரகதத்தைப் பாயசம் வைக்கச் சொன்னேன். "எதுக்குங்க?" என்றாள். "சும்மா" என்றேன். முந்திரி போடச் சொன்னேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

கட்டடத்தைக் கொடுத்துவிட்டுப் பைபாஸ் பக்கம் இரண்டு சைட் வாங்கலாம் என்று யோசனை. சைட் விற்கிறவன் தாள் தாளாகப் படம் காட்டுகிறான். நீச்சல் குளம், நடைபாதை, சிரித்துக்கொண்டு ஓடும் நாய். நேரில் போய்ப் பார்த்தால் கருவேல முள். நாய் மட்டும் இருந்தது, சிரிக்கவில்லை.

வெண்ணிலா ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். வரி எவ்வளவு வரும் என்று கேட்டேன்.

"வாங்கினப்போ எவ்ளோப்பா?"

"பத்தொம்போது லட்சம்."

"பத்திரத்துல?"

"பதினொண்ணு."

என் மகள் என்னைப் பார்த்த பார்வைக்கு ஏதாவது வரி இருந்தால் அதையும் கட்டியிருப்பேன். அன்றைக்கு முத்திரைக் கட்டணம் மிச்சம் பிடிக்கக் குறைத்து எழுதினேன். "அப்போ குறைச்சு எழுதின எட்டு லட்சமும் இப்போ லாபம்னு கணக்காயிடும்ப்பா. அதுக்கும் சேர்த்து வரி கட்டணும்" என்றாள். பன்னிரண்டு வருஷம் கழித்து என் சாமர்த்தியம் வட்டியோடு வீடு திரும்பியிருக்கிறது.

செப்டம்பர் 9, திங்கள்

கட்டடத்தை வாங்க வந்த ஜவுளிக்காரர் பின்வாங்கிவிட்டார். அவருடைய வக்கீல் கோர்ட் பதிவுகளில் தேடியிருக்கிறார். என் கட்டடத்தின் மேல் கேஸ் நடந்து, தீர்ப்பும் வந்தாயிற்றாம். விற்றவர்களின் தங்கை ராசாமணி என்ற அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு.

"கேஸ் நடந்ததே தெரியாதா உங்களுக்கு?" என்று போனில் சிரித்தார் ஜவுளிக்காரர்.

பன்னிரண்டு வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போது முளைக்கிறாள் ஒருத்தி. எந்த ராசாமணி? எனக்கு யாரையும் தெரியாது.

செப்டம்பர் 12, வியாழன்

வக்கீல் ஞானசேகரனைப் பார்த்தேன். அவர் மேசையில் மூன்று போன். மூன்றும் அடிக்கிறது, ஒன்றையும் எடுப்பதில்லை. எடுக்காத போனுக்கும் சேர்த்துத்தான் பீஸ் போல.

கோர்ட்டில் கேஸ் கட்டை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணா, கோர்ட் ஆளு பத்திரத்துல இருக்கிற அட்ரசுக்கு, சந்துக்கு வந்திருக்கான். கதவைத் தட்டியிருக்கான். யாரும் திறக்கல."

"செங்கல் எப்படிங்க திறக்கும்?"

"நோட்டீசைக் கதவுல ஒட்டிட்டுப் போயிட்டான். நீங்க கோர்ட்டுக்கு வரல. நீங்க வராமலே எக்ஸ்பார்ட்டியா தீர்ப்பு ஆயிடுச்சு."

சொத்து கையில் நிற்கத்தான் அந்த வாசலை அடைத்தேன். வாஸ்துக்காரனுக்கு போன் போட்டேன். எண் உபயோகத்தில் இல்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே நல்ல திசை அதுதான்.

செப்டம்பர் 13, வெள்ளி

பாலிசியை எடுத்துப் படித்தேன். விமானம் இருக்கிறது. தங்கச்சி இல்லை.

செப்டம்பர் 14, சனி

கட்டடத்தை எனக்கு விற்றவர்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர். தம்பி போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணன் சதாசிவம் காந்திகிராமத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். 'பின்னால் வில்லங்கம் வந்தால் நாங்களே ஈடு செய்கிறோம்' என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறார்கள். அந்த வரிக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டு எடுத்துப் போனேன்.

சதாசிவம் கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தார். "எழுதினது நெசந்தானுங்க. பதினொரு லட்சத்துல மூணுல ஒண்ணு. பையன் கிட்டக் கேட்டு மாசா மாசம் குடுத்தர்றனுங்க."

"பத்தொம்போது வாங்கினீங்களே!"

"பத்திரத்துல அப்படி இல்லீங்களே, வையாபுரி."

அப்புறம் காப்பி கொடுத்தார். அந்த மாதிரி ஆளுக்கு எப்படி நல்ல காப்பி போட வருகிறதோ.

வாசல் வரை வந்து மெல்லச் சொன்னார்: "ராசாமணிக்குக் கல்யாணத்துலயே இருபது பவுன் போட்டாச்சு. இது உங்களுக்கும் அன்னிக்கே தெரிஞ்ச சங்கதிதானுங்களே."

பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. எல்லா சீட்டும் நான் தைத்தது.

செப்டம்பர் 19, வியாழன்

ஞானசேகரன் வழி சொல்லிவிட்டார். தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி மனு போடலாம். கூடவே ஓர் அபிடவிட்.

"ரெண்டே விஷயம்ண்ணா. ஒண்ணு, நோட்டீசை நீங்க பார்க்கவே இல்ல. அது சுலபம், வாசலே அடைச்சுக் கிடக்குது. ஜட்ஜு நேர்ல வந்து பார்த்தாலும் நம்புவாரு. ரெண்டாவது, வாங்கும்போது இப்படி ஒரு தங்கச்சி இருக்கிறதே உங்களுக்குத் தெரியாது. நல்ல மனசோட, பணம் குடுத்து வாங்கின ஆளு. சரிதானே?"

"சரிதானுங்க."

"அந்தம்மா இன்னும் நாலு மாசம் தூங்கியிருந்தா பன்னெண்டு வருஷம் முடிஞ்சிருக்கும். நாம ஒரு கை பார்த்திருக்கலாம். ஜனவரியிலயே கேஸ் போட்டுட்டாங்க. போட்ட அன்னிக்கே கடிகாரம் நின்னுடும்."

போட்ட அன்றைக்கே நின்றுவிடுமாம். இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் முந்திரியாவது மிச்சம்.

திங்கட்கிழமை கையெழுத்துப் போட வரச் சொன்னார். டைப் அடித்த தாளை வீட்டில் படித்துப் பார்க்கக் கொடுத்தார்.

செப்டம்பர் 22, ஞாயிறு

கண்ணாடியைக் கடையிலேயே விட்டு வந்துவிட்டேன். அபிடவிட்டை வெண்ணிலாவைப் படிக்கச் சொன்னேன். மரகதம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

வெண்ணிலா ஆபீசில் படிக்கிற மாதிரி வேகமாகப் படித்தாள். நான்காவது பத்தியில் வேகம் குறைந்தது. "'மேற்படி ராசாமணி என்பவர் ஒருவர் உள்ளார் என்பதே மனுதாரருக்கு மேற்படி கிரயத்தின்போது தெரியாது. அவரை மனுதாரர் ஒருபோதும் நேரில் கண்டதில்லை.'"

நிறுத்தினாள்.

"படி" என்றேன்.

"ரிஜிஸ்டர் ஆபீஸ்ல, வேப்ப மரத்தடி பெஞ்சுல உக்காந்திருந்தாங்களே, அவங்கதானப்பா ராசாமணி?"

"யாரு?"

"எனக்குச் சடை பின்னிவிட்டவங்க. பேரைக்கூடச் சொன்னாங்க. லீவுன்னு என்னையும் கூட்டிட்டுப் போனீங்க. பழைய ரிப்பனை அவுத்துட்டு, நாலு கால் பின்னல் போட்டாங்க. வீட்டுக்கு வந்ததும் அம்மாகூடக் கேட்டாங்க, யாருடி இவ்ளோ அழகாப் போட்டதுன்னு."

மரகதம் கீரையிலிருந்து தலையை எடுத்தாள். "ஆமா. ரெண்டு நாள் அதை அவுக்கவே விடலீயே இவ."

மறுபடி கீரைக்குக் குனிந்தாள். வெண்ணிலா மிச்சத்தையும் படித்து முடித்தாள். பத்தி ஐந்து, பத்தி ஆறு, 'மேற்கண்டவை யாவும் உண்மை'. தாளை மடித்து என் பக்கத்தில் வைத்துவிட்டுக் குழம்புக்குத் தேங்காய் துருவப் போனாள். துருவுகிற சத்தம் இங்கே கேட்டது.

செப்டம்பர் 23, திங்கள்

கையெழுத்துப் போடப் போகவில்லை. வக்கீலுக்கு வயிற்றுப்போக்கு என்று சொன்னேன். பத்து நாளாகச் சொல்கிற பொய்களில் அதுதான் சின்னது.

இந்த டைரியிலும் பொய் எழுதியிருக்கிறேன். யார் படித்துவிடப் போகிறார்கள் என்று பயந்து இதில் ஏமாற்றினேனோ தெரியவில்லை. டைரியை ஏமாற்றுகிறவன் வாஸ்துக்காரனைத் திட்டக் கூடாது. எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரியில் அந்தக் காகிதத்தைப் படித்தேன். பாதி போகவில்லை. ஒரு மூலைதான் கிழிந்திருந்தது. வாதி ராசாமணி. மூன்றாம் பிரதிவாதி வையாபுரி, த/பெ மாரப்பன். ஆஜராக வேண்டிய தேதிகூட இருந்தது. படித்துவிட்டுத்தான் சுரண்டினேன். பன்னிரண்டு வருஷம் தாண்டிவிட்டால் கேள்வி கேட்க முடியாது என்று டீக்கடையில் யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். மே 2 வரை யார் கண்ணிலும் படாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். காகிதத்தைச் சுரண்டினால் கேஸும் உதிர்ந்துவிடும் என்று நினைக்க, பத்தாவது வரை படித்தால் போதும்.

2012 மே 2. சதாசிவமும் தம்பியும் முதலில் இருபது கேட்டார்கள். நான் பத்திரம் பார்க்கக் கொடுத்த வக்கீல், தங்கை கையெழுத்து வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். அதைக் காட்டினேன். "அவ கையெழுத்துன்னா அவளுக்குப் பங்கு குடுக்கணும். வேணாம். ஒரு லட்சம் குறைச்சுக்கங்க" என்றார் சதாசிவம். குறைத்துக்கொண்டேன். ஒரு மனுஷியின் கையெழுத்து இல்லாததற்குத் தள்ளுபடி. ஆடிக்குக்கூட யாரும் ஒரு லட்சம் குறைப்பதில்லை.

ஆனால் அந்தத் தங்கை வந்துவிட்டார். யார் சொன்னார்களோ. நல்ல சேலை கட்டி, ரேஷன் கார்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, கையெழுத்துப் போடுவதற்கே வந்து மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன்மார் உள்ளே போய்விட்டார்கள். நான் டீ வாங்க வெளியே வந்தேன். என்னை நிறுத்திக் கேட்டார்.

"தம்பி, எப்ப கூப்பிடுவாங்க?"

"கூப்பிடுவாங்கக்கா, இருங்க" என்றேன்.

அவருக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். அந்த வருஷ டைரியைத் தேடிப் பார்த்தேன். 'டீ 4, 20 ரூபாய்' என்று இருக்கிறது. அன்றைக்கு டீ குடிக்கிற பெரியவர்கள் நாங்கள் மூன்று பேர். நான்காவது டீ அவருடையது.

செப்டம்பர் 24, செவ்வாய்

ஞானசேகரனிடம் போய் அபிடவிட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

"என்னண்ணா, ஸ்பெல்லிங் மிஸ்டேக்கா?"

"விஷயமே மிஸ்டேக்குங்க."

"அண்ணா, கோர்ட்ல எல்லாரும் இப்படித்தான் போடுவாங்க. உங்களை யாரு பார்த்தா?"

"என் பொண்ணு பார்த்துட்டாளுங்க. பின்னலோட."

அவருக்குப் புரியவில்லை. எடுக்காமல் விட்ட மூன்று போன்களில் ஒன்றை அப்போதுதான் எடுத்தார்.

செப்டம்பர் 29, ஞாயிறு

வெங்கமேட்டில் ராசாமணி அக்கா வீட்டுக்குப் போனேன். வெண்ணிலாவும் வந்தாள். ஒற்றை அறை. வாசலில் உட்கார்ந்து ஏற்றுமதிக் கம்பெனியின் சமையலறைத் துண்டுகளுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். ஆறு வருஷமாகத் தனி. பக்கத்தில் ஆள் உயரத்துக்குத் துண்டுக் குவியல். என்னைப் பார்த்ததும் கத்திரியைக் கீழே வைக்கவில்லை. அது எனக்கு நியாயமாகவே பட்டது.

"நோட்டீசு வந்துதா தம்பி?"

"வந்துதுங்கக்கா. படிச்சேன்."

"படிச்சுட்டு?"

"சுரண்டிட்டேனுங்க."

ஒரு பிசிறை வெட்டிப் போட்டார். அப்புறம் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குப் பங்கு எதுவும் இல்லை. "அன்னிக்கு நாலு மணிக்கு ஆபீசைப் பூட்டறவன் வந்து எந்திரிங்கம்மான்னு சொன்ன பொறவுதான் நான் எந்திரிச்சேன். கூப்பிடுவாங்கன்னு சொன்னீங்களே. பெரிய மனுசன் மாதிரி இருந்தீங்க, நம்பிட்டேன்."

பெரிய மனுஷன் மாதிரி இருந்தேனாம். அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டை.

வெண்ணிலாவைத் திரும்பிப் பார்த்தார். "இதா அந்தப் புள்ள? ஏன் கண்ணு, முடியெல்லாம் வெட்டிக்கிட்ட? அவ்ளோ அடர்த்தியா இருந்துச்சே."

"மெயின்டெயின் பண்ண முடியலீங்க."

"உங்கப்பனும் கட்டடத்தை மெயின்டெயின் பண்ணலியாமா. வாசலையே அடைச்சுப் போட்டாராமா, நோட்டீசு ஒட்ட வந்தவன் எங்க வக்கீல்கிட்டச் சொல்லிச் சிரிச்சானாம்."

பேச்சு சமாதானத்துக்கு வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அதில் இரண்டு தரம் என்னைப் போகச் சொன்னார். அக்கா ஒன்றும் சாது இல்லை. பன்னிரண்டு வருஷ வாடகையிலும் மூன்றில் ஒன்று கேட்டார். வெண்ணிலா போனில் கணக்குப் போட்டுக் காட்டினாள். எனக்குத் தாகம் எடுத்தது. கடைசியில் வாடகையை விட்டுக்கொடுத்தார். தீர்ப்பின்படி அவர் பங்குக்குத் தெற்குப் பக்கத்து வீடு. அதற்கு ஒரே நிபந்தனை.

"தெக்கு வாசலைத் திறந்து விடணும். உங்க செலவுல."

"எதுக்குங்கக்கா? கிழக்கால வழி இருக்குதே, தாராளமாப் பொழங்கிக்கலாம்."

"உங்க வாசல் வழியா நான் வந்து போனா, நாளைக்கு வழியே என்னுதுன்னு சொல்லுவீங்க. முதல்ல கதவு. அப்புறம் கையெழுத்து."

என்னைப் பற்றி இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட இன்னொருவரை நான் பார்த்ததில்லை. மரகதத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அக்டோபர் 5, சனி

பைபாஸ் சைட்காரன் போன் செய்தான். முன்பணம் எப்போது என்றான். நாய் நலமா என்று கேட்டு வைத்துவிட்டேன்.

அக்டோபர் 17, வியாழன்

மரகதம் கேட்டாள்: "ஏனுங்க, மூணுல ஒண்ணு போயிடுச்சுன்னு வருத்தமா?"

"போகலை. அது எப்பவுமே நம்ம கிட்ட இல்ல."

"அதுக்கும் சேர்த்து இத்தனை வருசம் வீட்டு வரி கட்டினீங்களே."

அதை அதுவரை நான் யோசிக்கவே இல்லை. ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

கொத்தனார் வந்தார். பத்து வருஷம் முன்னால் அடைத்தவரேதான். "எடுக்கிறதுக்கு அன்னிக்கே கூலி கேட்டேன், குடுக்கல" என்று நினைவுபடுத்திவிட்டு இரண்டு மடங்கு வாங்கினார். செங்கல் மதியத்துக்குள் உதிர்ந்துவிட்டது. அவ்வளவு லேசாகத்தான் கட்டியிருந்தார். கதவின் கீல் துருப்பிடித்து ஒட்டியிருந்தது. எண்ணெய் விட்டு நானும் மாடசாமியும் தோள் கொடுத்துத் தள்ளினோம். திறந்ததும் சந்துக் காற்று வீட்டுக்குள் வந்தது. கொஞ்சம் சாக்கடை நாற்றமும் வந்தது.

யமன் வரவில்லை. ராசாமணி அக்கா வந்தார். கதவை மூன்று தரம் திறந்து மூடிப் பார்த்தார். "தாப்பாள் சரியில்லை" என்றார். மாற்றிக் கொடுத்தேன்.

பாலு வந்து, வாசல் திறந்ததால் பாலிசியில் திருத்தம் போட வேண்டும் என்றார். விமானத்தை எடுத்துவிட்டு அக்காவைச் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். கம்பெனியில் கேட்டுச் சொல்வதாகக் குறித்துக்கொண்டு போனார்.

நவம்பர் 27, புதன்

இன்று பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு. பத்திரத்தில் மதிப்பை உள்ளபடி எழுதினோம். முத்திரைக் கட்டணத்தைக் கேட்டதும் மாரடைப்பு வரும் என்று நினைத்தேன். நெஞ்சு சும்மா இருந்தது. அதற்குப் பாலிசி எடுக்காதது நல்லதாகப் போயிற்று.

அதே சார்பதிவாளர் ஆபீஸ். வேப்ப மரம் இருக்கிறது. பெஞ்சு மட்டும் சிமெண்டு ஆகியிருக்கிறது. அக்கா பத்து மணிக்கே வந்து அதில் உட்கார்ந்துவிட்டார். மஞ்சள் பை. உள்ளே வரச் சொன்னேன், கூட்டமாக இருக்கிறது என்று மறுத்துவிட்டார். வெண்ணிலா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோள் வரைக்கும் இருக்கிற முடியில் பின்ன ஏதாவது தேறுமா என்று அக்கா இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் உள்ளே நின்றேன். எழுத்தர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். பன்னிரண்டரை ஆயிற்று. எங்கள் டோக்கன் வந்தது. என் கட்டை விரலை மெஷினில் வைக்கச் சொன்னார்கள்.

"இருங்க சார், ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். எழுத்தர் முணுமுணுத்தார், வெயிலுக்கு இப்படித்தான் சில பேர் ஆகிவிடுவார்கள் என்று.

மரத்தடியில் நின்று, "அக்கா, கூப்பிடறாங்க. வாங்க" என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நெசமாவா?"

"நெசமாத்தானுங்கக்கா."

"நீ உள்ள போய்ப் பார்த்துட்டு வா கண்ணு" என்று வெண்ணிலாவை அனுப்பினார். அவள் போய்விட்டு வந்து தலையாட்டிய பிறகுதான் எழுந்தார்.